உயிர்மருந்தும் ஒழுக்கப் போதனையும்

ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை ஒன்றினுள் நுழையும் எவரும் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியைக் காணலாம். பல பாடசாலைகளில், நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சியால் மீண்டும் இயக்கும் கருவியும் உண்டு. நிலக்கடலை உண்டு ஒவ்வாமையால் மூச்சடைத்துப்போகும் பிள்ளைக்கு ஏற்றுவதற்கென எபிநெப்ரின் ஊசியும் பல இடங்களில் ஆயத்தமாக இருக்கிறது. இவற்றை வைக்கலாமா வைக்கக்கூடாதா என்று இன்று எவரும் வாதிடுவதில்லை. ஆனால், அபின்வகைப் பொருளை அளவுமிஞ்சி உட்கொண்டு மூச்சடங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சில நிமிடங்களில் மீட்கவல்ல நலொக்சோன் என்னும் மருந்தைப் பாடசாலையில் வைப்பது பற்றிப் பேசத் தொடங்கியதும் அங்கு விவாதம் மூள்கிறது. கல்விச் சபைகள் கூடுகின்றன, பெற்றோர் இரு பிரிவாகின்றனர், சட்டத்தரணிகள் எச்சரிக்கின்றனர், ஒழுக்கவாதிகள் கொதித்தெழுகின்றனர். ஒரே நோக்கங்கொண்ட நான்கு பொருள்களுள் மூன்றை மறுப்பின்றி ஏற்றுக்கொண்ட ஒரு சமுதாயம் நான்காவதன் முன் மட்டும் தயங்கி நிற்பது ஏன்? இவ்வினாவுக்குரிய விடை மருத்துவ நூல்களில் இல்லை. அது அச்சமுதாயத்தின் மனப்பாங்கிலேயே உள்ளது.

மருத்துவ உண்மை எளிமையானது. மோர்பின், ஹெரோயின், ஒக்சிகோடோன், பென்டனைல் முதலிய அபின்வகைப் பொருள்கள் மூளையிலுள்ள குறித்த சில ஏற்பிகளிற் சென்று பொருந்துகின்றன. நோவு தணிவதும் மயக்கம் உண்டாவதும் இதன் விளைவுகளே. மூச்சினை ஆளும் மூளைத்தண்டிலும் இவ்வேற்பிகள் உள்ளமையால், அளவு மிஞ்சும்போது மூச்சுத் தளர்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. ஈற்றில் மூச்சு நின்றுவிடுகிறது. ஒட்சிசன் கிடையாத மூளை நான்கு முதல் ஆறு நிமிடங்களுள் பழுதுறத் தொடங்கும். நலொக்சோன் அதே ஏற்பிகளை மேலும் வலுவாகப் பற்றி, அங்கிருந்த நஞ்சைப் பெயர்த்துவிடுகிறது. மூக்கினுள் விசிறினால் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு மீளத் தொடங்கும். இம்மருந்து போதை தருவதில்லை. உடலில் அபின்வகைப் பொருள் இல்லாத ஒருவருக்குத் தவறுதலாகக் கொடுத்தாலும் தீங்கு விளைவிப்பதில்லை. அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்கள் வரையே நிலைக்கும். ஆதலின் மருந்து கொடுத்தவுடன் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும் என்பது ஒன்றே முக்கிய நிபந்தனை.

இது நேற்றுப் பிறந்த மருந்துமன்று. 1961 இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1971 இல் அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற மருந்து இது. நெடுங்காலம் வைத்தியசாலைகளிலும் நோயாளர் ஊர்திகளிலும் மட்டுமே இருந்தது. 1996 அளவில் சிக்காகோ நகரில் தொண்டர் அமைப்பொன்று இதனைப் போதைவஸ்துப் பாவிப்போர் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. மருத்துவப் பட்டம் பெறாத சாதாரண மனிதரும் இதனைப் பயன்படுத்தி உயிர்காக்க முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று. உலக சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலிற் சேர்த்துள்ளதோடு, மிகைநுகர்வினை நேரிற் காணக்கூடிய எவருக்கும் இது கிடைத்தல் வேண்டும் என 2014 இல் விதந்துரைத்தது. 2015 இல் மூக்கினுள் விசிறும் வடிவம் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. 2023 மார்ச்சில், வைத்தியரின் சீட்டு இன்றியே அதனைக் கடையில் வாங்கலாம் என்ற அனுமதியும் வந்தது. கடைத்தட்டில் தலைவலி மாத்திரைக்கு அருகே வைக்கத்தக்கது என அரசே கருதும் ஒரு மருந்து, பாடசாலைக்குள் நுழைவதற்கு மட்டும் தகுதியற்றதாவது எங்ஙனம்?

பாடசாலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் கீழ்வரும் எண்களை நோக்குதல் தகும். அமெரிக்காவில் 14 முதல் 18 வயது வரையிலானோருள் மிகைநுகர்வினால் இறந்தோர் தொகை 2019 இல் 492. அது 2020 இல் 954 ஆக உயர்ந்தது. 2021 இன் முதல் ஆறு மாதத் தரவுகளைக் கொண்டு கணித்த ஆண்டுத் தொகை 1,146. அதாவது, இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல். இளைஞர் ஒழுக்கம் கெட்டுவிட்டது, முன்னரிலும் அதிகமாகப் போதைவஸ்தை நாடுகின்றனர் என்று உடனே தீர்ப்புக் கூறுவோர் உளர். உண்மை அதற்கு நேர் எதிரானது. பத்தாம் வகுப்பு மாணவருள் முந்திய பன்னிரண்டு மாதங்களில் சட்டவிரோதப் போதைப்பொருள் ஒன்றையேனும் பாவித்ததாகக் கூறியோர் 2020 இல் சுமார் 30 வீதத்தினர். 2021 இல் 18.7 வீதத்தினரே. பாவனை குறைந்தது, சாவு பெருகியது. மாறியது மாணவரின் ஒழுக்கமன்று, சந்தையில் விற்கப்படும் சரக்கே.

அச்சரக்கின் பெயர் பென்டனைல். பெல்ஜிய வேதியியலாளர் போல் ஜான்சன் 1960 அளவில் சத்திரசிகிச்சைத் தேவைக்கென உருவாக்கிய இந்நோவகற்றி, ஹெரோயினைவிடச் சுமார் 50 மடங்கு வலியது. 2 மில்லிகிராம், அதாவது பென்சில் முனையில் தங்கக்கூடிய அளவு, உயிரைப் போக்கப் போதுமானது. சட்டவிரோதமாக உற்பத்தி செய்யப்படும் இத்தூள், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளைப் போன்றே நிறமும் முத்திரையும் இட்ட போலி மாத்திரைகளாக அச்சிடப்பட்டு, கைத்தொலைபேசி வழியாக இளைஞருக்கு விற்கப்படுகிறது. அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் 2022 இல் ஆய்வுகூடத்திற் சோதித்த இத்தகைய மாத்திரைகளுள் பத்துக்கு ஆறு, கொல்லக்கூடிய அளவு பென்டனைலைக் கொண்டிருந்தன. நோவுக்கோ, உறக்கத்துக்கோ, பரீட்சைக்காலப் பதற்றத்துக்கோ என எண்ணி ஒரு மாத்திரையை விழுங்கும் பிள்ளை, தான் விழுங்குவது இன்னதென அறியாமலே விழுங்குகிறது.

இது வெறும் ஊகமன்று. 2022 ஜனவரியில், கனெக்ரிக்கட் மாநிலத்தின் ஹாட்போட் நகரிலே 13 வயதுச் சிறுவன் ஒருவன் பாடசாலையிலேயே பென்டனைலினால் மயங்கி விழுந்து, இரு நாள்களின் பின் மரணமானான். அப்பாடசாலையில் நலொக்சோன் இருக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹொலிவுட் பகுதியில், உயர்நிலைப் பாடசாலை ஒன்றின் கழிப்பறையில் 15 வயது மாணவி ஒருத்தி உயிரற்றுக் கிடந்தாள். அவள் விழுங்கியது போலி மாத்திரை. அதன்பின் பத்து நாள்களுக்குள், அந்நகரக் கல்வி மாவட்டம் தன் பாடசாலைகள் அனைத்திலும் நலொக்சோன் வைக்கப்படும் என அறிவித்தது. ஹாட்போட் நகரப் பாடசாலைகளும் மரணத்தின் பின்னரே மருந்தை நாடின. இத்தனைக்கும் பாடசாலைத் தாதியரின் தேசியச் சங்கம் 2015 இலேயே இம்மருந்து பாடசாலைகளில் இருத்தல் வேண்டுமெனக் கூறியிருந்தது. 2016 இல் மருந்தை உற்பத்தி செய்த நிறுவனம் நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகள் அனைத்துக்கும் அதனை இலவசமாகவே வழங்க முன்வந்தது. அறிவு இருந்தது, மருந்து இருந்தது, இலவசமாகவும் கிடைத்தது. இல்லாதிருந்தது மனம் ஒன்றே. ஒவ்வோர் ஊரும் தன் மருந்துப் பெட்டிக்கு ஒரு பிள்ளையின் உயிரை விலையாகச் செலுத்திய பின்னரே அதனைப் பெறவேண்டுமாயின், அதனை நிருவாகம் என்று எப்பெயரால் அழைப்பது?

இனி, எதிர்ப்போரின் வாதங்களை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். அவற்றுள் மிகப் பச்சையானது மெயின் மாநில ஆளுநராகவிருந்த போல் லெபேஜ் 2016 இல் முன்வைத்தது. வைத்தியர் சீட்டின்றி மருந்தாளர் நலொக்சோனை வழங்க இடமளிக்கும் சட்டமூலத்தை நிராகரித்த அவர், இம்மருந்து உண்மையில் உயிரைக் காப்பதில்லை, அடுத்த மிகைநுகர்வு வரையில் உயிரை நீட்டிக்க மட்டுமே செய்கிறது என்னும் கருத்தைக் காரணமாகக் கூறினார். மாநிலச் சட்டசபை அவரது மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் அவ்வாதம் சாகவில்லை. பாடசாலைக் கல்விச் சபைக் கூட்டங்களில் மென்மையான சொற்களில் இன்றும் ஒலிக்கிறது. இவ்வாதம் உண்மையாயின் மருத்துவம் முழுவதுமே வீண். இன்சுலின் அடுத்த நேர உணவு வரையிலும், சத்திரசிகிச்சை அடுத்த நோய் வரையிலும் உயிரை நீட்டிக்கின்றன. நீட்டிக்கப்பட்ட அக்காலத்திலேதான் மனிதர் வாழ்கின்றனர், திருந்துகின்றனர், கற்கின்றனர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்நீட்டிப்பு ஐம்பது அறுபது ஆண்டுகளாக இருக்கக்கூடும்.

சாக இருப்பவர் எப்படியும் சாவார் என்னும் இந்நம்பிக்கை பொய்யானது என்பதற்கு இலங்கையே சான்று. 1995 இல் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் வீதம் இலட்சத்துக்கு 47 ஆக இருந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அஃதொன்று. கிராமங்களில் பெருந்தொகையானோர் கையெட்டும் தூரத்திலிருந்த பூச்சிகொல்லியைக் குடித்தே மடிந்தனர். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியை நாடுவர் என்று அன்றும் கூறப்பட்டது. ஆயினும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதி படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. 1995 இலும் 1998 இலும், பின்னர் 2008 தொடக்கம் 2011 வரையிலும் இத்தடைகள் வந்தன. 2005 அளவில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. அதன்பின்னரும் தொடர்ந்து குறைந்தது. மக்களின் மனத்துயர் அவ்வாண்டுகளிற் பாதியாகக் குறைந்துவிடவில்லை. ஒரு கணத்தின் செயல் மரணமாக முடியும் வாய்ப்பே குறைந்தது. அக்கணத்தைக் கடந்து பிழைத்தவர் மிகப் பெரும்பாலோர் மீண்டும் அவ்வழி நாடவில்லை. நஞ்சு வேறு, நாடு வேறு, நோக்கமும் வேறு. ஆனால் பாடம் ஒன்றே. இளமையின் ஒரு கணத் தவறு திரும்பப் பெறமுடியாததாகிவிடாமற் காப்பதே பொதுச் சுகாதாரத்தின் முதற் கடமை.

இரண்டாவது வாதம் கல்விமான்களின் உடையில் வருவது. காப்பாற்றும் மருந்து அருகில் இருப்பின் மாணவர் துணிந்து போதைவஸ்தை நாடுவர் என்பது அது. 2018 இல் இரு பொருளியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று, நலொக்சோன் எளிதிற் கிடைக்கச் சட்டமியற்றிய மாநிலங்களில் சராசரியாக மரணம் குறையவில்லை என்றும், அபின்வகைப் பொருள் காரணமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் தொகை கூடியது என்றும் கூறியது. எதிர்ப்போர் இதனையே ஆயுதமாக ஏந்துகின்றனர். ஆனால் உயிர் மீண்டவரை உடனே வைத்தியசாலைக்கு அனுப்புக என்பது இம்மருந்துக்குரிய முதல் அறிவுறுத்தல். பிரேத அறைக்குச் செல்லவேண்டியவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வாராயின் அங்குக் கூட்டம் கூடவே செய்யும். அதனைத் தோல்வி என்பது விந்தையான கணக்கு. மேலும், சட்டம் இயற்றப்பட்டமையும் மருந்து கைக்குக் கிடைத்தமையும் ஒன்றல்ல. மருந்தும் பயிற்சியும் உண்மையிலேயே மக்களைச் சென்றடைந்த இடங்களை ஆராய்ந்தோர் வேறு முடிவையே கண்டனர். மசசூசெற்ஸ் மாநிலத்தின் 19 ஊர்களில் 2002 முதல் 2009 வரை நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து 2013 இல் வெளியான கட்டுரை, பயிற்சி பெற்றோர் மிகுந்த ஊர்களில் மரண வீதம் ஏறத்தாழ 46 வீதம் குறைந்திருந்ததைக் காட்டியது. 44 மாநிலங்களின் மாணவர் தரவுகளைக் கொண்டு 2023 இல் வெளியான ஆய்வு, நலொக்சோன் சட்டங்கள் விரிந்தமையால் இளைஞரிடையே ஹெரோயின் பாவனை கூடியதற்குச் சான்றில்லை எனக் கண்டது.

புள்ளிவிபரங்களை ஒருபுறம் வைத்து நோக்கினும் இவ்வாதம் நிற்கமாட்டாது. ஆபத்தைக் கணித்துத் துணிவதற்கு, ஆபத்து இன்னதென முதலில் அறிந்திருத்தல் வேண்டும். 2019 ஜூலை முதல் 2021 டிசெம்பர் வரை 10 முதல் 19 வயதினரிடையே நிகழ்ந்த மிகைநுகர்வு மரணங்களை நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 90 வீதமானவை அபின்வகைப் பொருளால் விளைந்தவையாக இருந்தன. ஆனால் இறந்தோருள் அபின்வகைப் பொருளைப் பாவித்த வரலாறு பதிவாகியிருந்தோர் 35 வீதத்தினர் மட்டுமே. நான்கிலொரு பங்கு மரணங்களில் போலி மாத்திரைக்கான தடயம் கிடைத்தது. தான் விழுங்குவது பென்டனைல் என்றே அறியாத பிள்ளை, அதற்கு மாற்று மருந்து அதிபரின் அலுவலகத்தில் உண்டு என்பதை எண்ணித் துணிவு கொண்டது என்பது நகைப்புக்குரியது. அன்றியும், பழகியவருக்கு இம்மருந்து தருவது இன்பமன்று. வாந்தியும் நடுக்கமும் உடல்நோவும் கொண்ட கடும் துன்பமே. அத்துன்பத்தை எதிர்பார்த்து எவரும் போதையை நாடார்.

இவ்வாதத்தின் அடியில் மறைந்து கிடப்பது வேறோர் எண்ணம். மரண பயமே மாணவரை நல்வழிப்படுத்தும். அப்பயத்தை அகற்றலாகாது என்பது அது. இதனை வெளிப்படையாகச் சொல்ல எவரும் துணியார். ஆனால் இதன் பொருள் யாது? ஏனைய மாணவர் அஞ்சித் திருந்துவதற்காக ஒரு மாணவன் சாகலாம் என்பதே. மரணத்தை ஆசிரியராக நியமிக்கும் கல்விக்கொள்கை இது. அந்த ஆசிரியர் ஒரு மாணவனுக்கு ஒருமுறை மட்டுமே பாடம் நடத்துவார். கற்ற பாடத்தைப் பயன்படுத்த அம்மாணவன் இருக்கமாட்டான்.

மூன்றாவது எதிர்ப்பு வாதமாக அன்றி மௌனமாக வெளிப்படுவது. நலொக்சோன் வைத்திருக்கும் பாடசாலை என்றால் போதைவஸ்து உள்ள பாடசாலை என்று பொருள்படும். பெயர் கெட்டுவிடும் என்னும் அச்சம் அது. தீயணைப்புக் கருவி தொங்கும் பாடசாலையைத் தீவைப்போரின் பாடசாலை என எவரும் கூறுவதில்லை. சிக்காகோ நகரில் 1958 டிசெம்பர் முதலாந் திகதி கத்தோலிக்கப் பாடசாலை ஒன்று தீப்பற்றியதில் 92 பிள்ளைகளும் மூன்று கன்னியாஸ்திரிகளும் மாண்டனர். அதன்பின் நாடெங்கும் பாடசாலைகளின் தீப்பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. அன்று அவ்விதிகளை ஏற்பதா இல்லையா என்பதைப் பாடசாலையின் மானத்துக்கு விட்டுவிடவில்லை. பெயரைக் காக்க உயிரைப் பணயம் வைக்கும் நிறுவனம், தான் காக்க நினைக்கும் பெயருக்குத் தகுதியற்றது.

நான்காவது எதிர்ப்பு ஆசிரியர் தரப்பிலிருந்து வருவது. இதனை எள்ளி நகையாடுதல் தகாது. கற்பித்தலுக்கு அப்பால் ஆயிரம் சுமைகளை ஏற்றிய பின்னர் இதனையும் எங்கள் தலையிற் கட்டுவதா, பிழை நேர்ந்தால் வழக்கு எங்கள்மீது வராதா என அவர்கள் கேட்கின்றனர். அமெரிக்கப் பாடசாலைகளுள் சுமார் கால்வாசியில் தாதி ஒருவரேனும் இல்லை என்பதை 2017 இல் வெளியான கணக்கெடுப்பு காட்டியது. தாதி இல்லாதவிடத்து ஆசிரியரே முதலில் ஓடிவர வேண்டியவர் என்பது உண்மை. ஆயின் இதிலிருந்து பெறப்படும் முடிவு தாதியரை நியமிக்க வேண்டும் என்பதேயன்றி மருந்தை விலக்க வேண்டும் என்பதன்று. குப்பியை மூக்கினுள் வைத்து அழுத்துவதற்கு வேண்டிய பயிற்சி ஒரு பாடவேளைக்குள் அடங்கும். நலொக்சோன் கிடைப்பதை எளிதாக்கும் சட்டம் ஏதோவொரு வடிவில் ஐம்பது மாநிலங்களிலும் உண்டு. நல்லெண்ணத்துடன் உதவுவோரை வழக்கிலிருந்து காக்கும் விதிகளும் பெரும்பாலானவற்றில் உள. பாதுகாப்பு முழுமையற்றதாக உள்ள இடத்தில் அதனை முழுமையாக்குமாறு ஆசிரியர் சங்கங்கள் போராடுதல் வேண்டும். கையில் மருந்தின்றி, கண்முன்னே நீலம் பாரிக்கும் மாணவனைப் பார்த்து நிற்கும் ஆசிரியரின் சுமையைவிட, குப்பியை அழுத்தும் சுமை பெரிதன்று.

ஐந்தாவது வாதம் நேர்மையானது. இவ்விளைஞருட் பெரும்பாலோர் வீட்டிலேயே இறக்கின்றனர். பாடசாலையில் மருந்து வைத்து என்ன பயன் என்பது அது. மேற்குறித்த ஆய்விலும் பெரும்பான்மையான மரணங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தவை. ஆனால் அவ்வாய்வு இன்னொன்றையும் கூறுகிறது. இறந்தோருள் மூன்றிலிரண்டு பங்கினரின் அருகே உதவக்கூடிய ஒருவரேனும் இருந்தார். அவ்வாறிருந்தோருட் பெரும்பாலோர் எதுவும் செய்யவில்லை. உறங்குகிறான் என எண்ணியோரும், என்ன செய்வதென அறியாதோரும் இருந்திருப்பர். அறியாமையே கொன்றதாயின் அறிவு பரவவேண்டிய இடம் எது? ஓர் ஊரின் இளைஞர் அனைவரும் ஒன்றுகூடும் இடம் பாடசாலையேயாம். குறட்டை போன்ற ஒலியும் நீலம் பாரித்த உதடும் உறக்கத்தின் அடையாளம் அல்ல என்பதைப் பாடசாலையிற் கற்ற மாணவி, அன்றிரவே வீட்டில் தன் அண்ணனைக் காப்பாற்றக்கூடும். கலிபோர்னியா மாநிலம் 2024 இல் இயற்றிய சட்டம், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள மாணவர் பாடசாலையில் இம்மருந்தைத் தம்முடன் வைத்திருக்க இடமளித்ததன் பொருள் இதுவே. பாடசாலையின் மதிலோடு நின்றுவிடும் மருந்தன்று வேண்டப்படுவது. மாணவனோடு வீடு செல்லும் மருந்தே.

வலதுசாரி ஒழுக்கவாதிகளோடு இவ்விவாதம் முடிவதில்லை. இடதுசாரிச் சிந்தனையாளர் சிலரும் மறுகோடியில் நின்று இதனை இகழ்கின்றனர். நோயின் வேர் முதலாளித்துவத்தில் இருக்க, மூக்கில் விசிறும் குப்பி எதனைத் தீர்க்கும் என்பது அவர்தம் கேள்வி. வேரைப் பற்றி அவர்கள் கூறுவது உண்மையே. பேர்டியூ என்னும் மருந்து நிறுவனம் 1996 இல் ஒக்சிகொன்ரின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்கு அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றது. 2007 இல் அக்குற்றத்தை நீதிமன்றில் ஒப்புக்கொண்டு 60 கோடி டொலருக்கு மேற் செலுத்தியது. 2020 இல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வேறொரு பெரு நிறுவனமும் மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் மாநிலங்களுக்கு 2,600 கோடி டொலர் செலுத்த 2022 இல் உடன்பட்டன. நோவைத் தீர்ப்பதாகக் கூறி நஞ்சை விற்ற அதே அமைப்பு, இன்று நஞ்சுமுறி மருந்தையும் இலாபத்துக்கே விற்கிறது. 2023 இல் சீட்டின்றி விற்பனைக்கு வந்தபோது இரு குப்பிகளின் விலை சுமார் 45 டொலர்.

இவையாவும் மறுக்கமுடியாதவை. ஆயினும் இவற்றிலிருந்து, மருந்து வேண்டாம் என்னும் முடிவு பிறக்காது. வெள்ளத்துக்குக் காரணம் காடழிப்பு என்பதை அறிந்தவன், நீரில் தத்தளிப்பவனுக்குக் கயிறு எறிய மறுப்பதில்லை. சமுதாயம் மாறும் வரையில் சாவுகள் தொடரட்டும் என்பது புரட்சிகரச் சிந்தனையன்று. ஆளுநர் லெபேஜின் வாதத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியதே அது. செய்யவேண்டியது வேறு. குற்றவாளி நிறுவனங்களிடமிருந்து பெற்ற நட்டஈட்டுப் பணத்திலிருந்தே ஒவ்வொரு பாடசாலைக்கும் மருந்தும் தாதியும் உளவள ஆலோசகரும் வழங்கப்படல் வேண்டும். பிள்ளைகளின் பெயரால் பெற்ற பணம் பிள்ளைகளைச் சென்றடைதல் நீதி.

இவ்விடத்து இன்னொரு கசப்பான உண்மையும் கூறப்படல் வேண்டும். 1986 இல் அமெரிக்கா இயற்றிய போதைவஸ்துச் சட்டம், கறுப்பின மக்கள் வாழ்ந்த நகர்ப்பகுதிகளில் விற்கப்பட்ட கிராக் கொக்கெயினில் 5 கிராமுக்கும், வசதி படைத்தோர் பாவித்த தூள் கொக்கெயினில் 500 கிராமுக்கும் ஒரே குறைந்தபட்சச் சிறைத்தண்டனையை விதித்தது. அன்று அவ்விளைஞர் நோயாளராகக் கருதப்படவில்லை, குற்றவாளிகளாகவே கருதப்பட்டனர். வெள்ளையர் வாழும் சிற்றூர்களில் அபின்வகை மாத்திரை புகுந்த பின்னரே, இது நோய், இதற்குச் சிகிச்சை வேண்டும் என்னும் மொழி பொதுவழக்காயிற்று. இன்று பென்டனைல் எல்லா இனத்தவரையும் கொல்கிறது. 2021 இல் இளைஞரிடையே மிக உயர்ந்த மரண வீதம் அந்நாட்டின் பூர்வகுடிகளிடையே காணப்பட்டது. வாங்கும் வசதியுள்ள ஊர்ப் பாடசாலைகளில் மருந்தும் ஏழை ஊர்களில் போதனையும் என்ற நிலை தோன்றுமாயின், பழைய அநீதி புதிய உடையில் வந்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

2023 ஒக்டோபரில் மத்திய அரசின் கல்விச் செயலாளரும் போதைப்பொருட் கட்டுப்பாட்டுக் கொள்கைப் பணிப்பாளரும் இணைந்து, பாடசாலைகள் நலொக்சோன் வைத்திருத்தல் நன்று எனக் கடிதம் எழுதினர். கடிதம் நன்று, கட்டளை அதனினும் நன்று. மருந்தை வாங்கிப் பூட்டிய அலுமாரியில் வைத்து, திறப்பை விடுமுறையிலுள்ள அலுவலரிடம் கொடுத்துவிட்டால் அது இல்லாமைக்கு ஒப்பானதே. நான்கு நிமிடங்களுக்குள் கையில் எட்டவேண்டிய பொருள் பூட்டின்றி, யாவரும் அறிந்த இடத்தில், கழிப்பறைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அருகே இருத்தல் வேண்டும். அதைவிட முக்கியமானது, உதவிக்குக் குரல் கொடுக்கும் மாணவன் தண்டிக்கப்படமாட்டான் என்னும் உறுதி. போதைவஸ்தோடு தொடர்புபட்ட எவரையும் உடனே விலக்கிவிடும் பாடசாலையில், நண்பன் விழுந்துகிடப்பதைக் கண்ட மாணவன் முதலில் எண்ணுவது தன் எதிர்காலத்தையே. அவன் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் மருந்தைப் பயனற்றதாக்குகிறது.

அமெரிக்காவில் மிகைநுகர்வினால் ஆண்டொன்றில் இறப்போர் தொகை 2023 இல் சுமார் 1,05,000 ஆக இருந்து, 2024 இல் சுமார் 80,000 ஆகக் குறைந்தது. நலொக்சோன் பரவலாகக் கிடைத்தமை இதற்குரிய காரணங்களுள் ஒன்றென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆபத்து நீங்கிவிட்டது, இனி மருந்து எதற்கு என்னும் குரல் இனி எழக்கூடும். அணைக்கட்டு வெள்ளத்தைத் தடுத்துவிட்டது, ஆதலின் அணைக்கட்டை இடித்துவிடலாம் என்பது போன்றது அக்குரல். எண்பதாயிரம் என்பது வெற்றியின் எண் அன்று. கடமையின் எஞ்சிய பகுதி.

போதைவஸ்தின் தீமையைப் பற்றி மாணவருக்குப் போதிக்கவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. வறுமை, தனிமை, மனச்சோர்வு ஆகிய காரணங்களை நாடிக் களைதல் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் போதனை, சிகிச்சை, சமுதாய மாற்றம் ஆகிய யாவும் உயிரோடிருப்பவருக்கே உரியவை. நலொக்சோன் இவற்றுள் எதற்கும் மாற்றீடு அன்று, இவையனைத்துக்கும் முன்நிபந்தனை. பிள்ளைகளைத் திருத்துவது பற்றிப் பேசவிரும்பும் பெரியோர், அப்பேச்சைக் கேட்பதற்குப் பிள்ளைகள் உயிரோடு இருப்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.